எங்கோ ஓரிடம்

நாடாவின் சுழிமுனை என் கையில்.
மறுமுனையோடு எல்ஃப்ரீடா
முள்மரத்தடி வரை போய்விட்டாள்.
நடுவில் காற்று புகுந்து நாடாவை முறுக்குகிறது.
"இழு" என்கிறாள்.
"இழுத்தாயிற்று" என்கிறேன்.
கோபாபிஸ் நகரின் கடைசித் தெருவிளக்குக்கு அப்பால்
எங்களை நாங்களே அளந்துகொண்டிருக்கிறோம்.

நகராட்சிப் படத்தில் இந்த இடம் வெள்ளை.
வெள்ளைக்கு நடுவே ஒரு சொல்:
புறம்போக்கு.
அந்த ஒரு சொல்லுக்குள்
முந்நூற்றுப் பன்னிரண்டு வீடு, இரண்டு குழாய்,
ஒரு தேவாலயம், பெட்ரோனெல்லாவின் பீர்க்கடை.

போன மாதம் கதவுகளுக்கு எண் எழுதினோம்.
சிவப்புச் சாயம். தகரத்தில் வழிந்து
ஒன்றெல்லாம் ஏழாகிப் போனது.
நூற்றெழுபதாம் வீடு பூட்டியிருந்தது.
கவெசூரிக்கு மாட்டுப் பண்ணையில் வேலை;
மாதக் கடைசியில்தான் வருவான்.
நகராட்சிப் பையன் "ஆளில்லை" என்று எழுதப் போனான்.
வாசல் மண்ணைக் காட்டினேன்:
துடைப்பம் இழுத்த கோடுகள், அன்று காலையில் போட்டவை.
எழுதாமல் நகர்ந்தான்.
யார் கூட்டியது என்று அவன் கேட்கவில்லை.
நான்தான்.

பிறகு சட்டம் படித்த பெண் வந்தாள்.
கவிழ்த்த பீர்ப் பெட்டிமேல் உட்கார்ந்து வாசித்தாள்:
முதல்படிப் பட்டா என்றால் இவ்வளவுதான்.
இந்தத் தொகுதிக்குள்
எங்கோ ஓரிடம் உனக்கு உண்டு.
எந்த இடம் என்று காகிதம் சொல்லாது.
இடமே இல்லை என்று இனி எவரும் சொல்ல முடியாது.

பெட்ரோனெல்லாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.
"என் புருஷனும் இதையேதான் சொன்னான்,
அவன் மனசில் எங்கோ ஓரிடம் எனக்கு உண்டென்று.
இப்போது வால்விஸ் பேயில் இருக்கிறான்."
கூட்டம் மொத்தமும் சிரித்தது.
சட்டக்காரி மட்டும் ஏதோ குறித்துக்கொண்டாள்.

பதினான்கு ஆண்டுகளாக
ஓர் ஆணியையும் நான் முழுதாக அறைந்ததில்லை.
பாதி இறங்கியதும் நிறுத்திவிடுவேன்.
பிடுங்க வசதி.
மூன்று முறை பிடுங்கியிருக்கிறேன்,
ஒருமுறை இரவில், டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு.

இன்று நாடா என் வீட்டுக்கு வந்தது.
தெருவுக்கு எட்டு மீட்டர் விட வேண்டும்:
தீயணைப்பு வண்டிக்கு, குழாய்க்கு,
பிணம் தூக்கிப் போக.
என் அடுப்படி
இரண்டு மீட்டர் பத்து
தெருவில் நிற்கிறது.

எல்ஃப்ரீடா பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாள்,
"மறுபடி அளப்போம். கொஞ்சம் தளர்த்திப் பிடி."
நேற்று இதே நாடாவால்
பெட்ரோனெல்லாவின் கடை முகப்பை நறுக்கியவள் நான்.
அவள் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்,
கையைக் கட்டிக்கொண்டு.
"இழு" என்றேன்.

சனிக்கிழமை பதினொரு பேர் வந்தார்கள்.
கம்பங்களின் அடிமண்ணைத் தோண்டிவிட்டு
உள்ளே போய் நின்று
மூச்சுப் பிடித்துத் தூக்கினார்கள்.
வீட்டுக்கு இருபத்திரண்டு கால் முளைத்தது.
ஒன்றில் மட்டும் செருப்பில்லை.
நடந்தது வீடு.
மாதக் கடைசி ஆனதால்
தகரத்துக்கு உள்ளிருந்து கவெசூரியின் குரல்:
"இடப்பக்கம்! யாரோ என் காலை மிதிக்கிறீர்கள், இடப்பக்கம்!"
நாய் ஒன்று குரைத்துக்கொண்டே
வீட்டுக்குப் பின்னால் போனது.

அது நின்றிருந்த இடத்தில்
வெளிறிய மண்ணில் ஒரு சதுரம்.
நான் எண்ணியிருந்ததைவிடச் சிறியது.
ஒரு கரண்டி கிடந்தது. ஒரு சாவியும்;
எந்தப் பூட்டுக்கு என்று நினைவில்லை.
திங்களன்று அந்தச் சதுரத்தின் குறுக்கே
குழாய்க்குப் பள்ளம் வெட்டுவார்கள்.

புது மூலையில் முதல் தகடு.
ஆணியை வைத்து அடித்தேன்.
பாதி இறங்கியது. கை நின்றது.
யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.
தெருவின் அந்தக் கோடியிலிருந்து
எல்ஃப்ரீடா கூப்பிடுகிறாள்,
நூற்றெழுபதின் வாசலில் நாடாவோடு:
"வருகிறாயா இல்லையா?"
அரை ஆணி வெயிலில் மின்னுகிறது.
சுத்தியலைக் கீழே வைக்காமல்
"ஒரு நிமிஷம்" என்கிறேன்.